அப்பாவின் ஹெர்குலஸ் ஓவராயில்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி தெருவில் ஓடிவிட்டது. ஐந்து வாரம், சனி ஞாயிறு மட்டும் வேலை. செலவு 3,183 ரூபாய். அதில் 110 ரூபாய் என் அவசரத்துக்குக் கட்டிய தண்டம். மறந்துபோவதற்குள் நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன். பழைய சைக்கிளைப் பிரித்துப்போட்டுவிட்டு முழித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படலாம்.

எங்கள் வீட்டில் வண்டி என்றால் இந்த ஹெர்குலஸ் சைக்கிள்தான். பிற்பாடு மொபெட் வந்தது, பைக் வந்தது. அவற்றை மொபெட், பைக் என்றுதான் சொன்னோம். இது அம்பத்தூரில் செய்தது, அப்பா 1973-ல் வாங்கினார். 22 அங்குல ஃபிரேம், 28-க்கு ஒன்றரை டயர், கம்பி பிரேக், டைனமோ. எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே ஆறு கிலோமீட்டர். மன்னார்குடியில் ஒரு ரைஸ் மில்லில் அப்பாவுக்குக் கணக்கு வேலை. காலையில் ஆறு, சாயங்காலம் ஆறு, வருஷத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்தால்கூட 37 வருஷத்துக்கு 1,33,200 கிலோமீட்டர். இது மில்லுக்குப் போய்வந்தது மட்டும். பங்குனியில் மன்னார்குடிக் கோயில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு அம்மாவை வைத்து மிதித்தது, எங்களை ஆஸ்பத்திரிக்கும் அரிசி மூட்டையை வீட்டுக்கும் கொண்டுவந்தது எல்லாம் தனி.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, கொல்லைத் தென்னை ஒன்று மாட்டுக்கொட்டகைமேல் சாய்ந்தது. உள்ளே வண்டி. பின் ரிம் நெளிந்தது, மட்கார்டு பாதியில் மடங்கியது. அப்பாவுக்கு அப்போது 75 வயது. "சரி, அதுக்கும் ரிட்டயர்மெண்ட் ஆயிடுச்சு" என்று சொல்லி ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டார். போன வருஷம் ஐப்பசியில் அவரும் போய்விட்டார். தலைத்திவசத்துக்கு முன்னால் கொட்டகையை ஒழித்துக்கொண்டிருந்தபோது வந்த பழைய இரும்புக்காரர், வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு 450 ரூபாய் சொன்னார். அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அதை எடுத்த எடத்துலயே வைங்க" என்றாள். அவர் வைத்துவிட்டுப் போனார். மறு சனிக்கிழமை நான் ஸ்பேனரை எடுத்தேன்.

பிரிப்பதற்கு முன் அப்பாவின் கணக்கு நோட்டு ஒன்றைத் தேடி எடுத்தேன். நீள நோட்டு, மேலே "வண்டி" என்று தலைப்பு. 1973 ஆகஸ்டில் தொடங்கி 2017 வரை ஒரே கையெழுத்து, கடைசிப் பக்கங்களில் மட்டும் கொஞ்சம் நடுக்கம். பஞ்சர் 0.30. பெல் மூடி 1.25. செயின் 11.50. ஓவர்ஹாலை ஓவராயில் என்றே எழுதியிருக்கிறார், கடையில் சொல்கிற மாதிரி. குழந்தையை உட்காரவைக்கும் கூடை சீட் மட்டும் மூன்று முறை வருகிறது: 1974-ல் அக்காவுக்கு, 1976-ல் எனக்கு, 2008-ல் என் மகளுக்கு. எந்தப் பாகம் எப்போது மாற்றியது என்று தெரிந்துகொள்ளத்தான் எடுத்தேன். படித்ததில் ஒரு மணி நேரம் போய்விட்டது. ஒரே ஒரு வரி மட்டும் புரியவில்லை. 1975 ஜனவரியில், டியூபுக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவில், "மாவுக்கட்டு 7.00". சைக்கிளுக்கு எதற்கு மாவுக்கட்டு? வீட்டுக் கணக்கில் எழுதவேண்டியதைப் பக்கம் மாற்றி எழுதிவிட்டார்போல என்று விட்டுவிட்டேன். அத்தனை வருஷம் அடுத்தவர் மில்லுக்குக் கணக்கு எழுதியவர் பக்கம் மாற்றி எழுதுவாரா என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

முதல் வாரம் முழுக்கப் பிரிப்பதுதான். மண்ணெண்ணெய் இப்போது கடையில் கிடைப்பதில்லை, ஒரு லிட்டர் டீசல் வாங்கிவந்தேன். துருப்பிடித்த ஒவ்வொரு நட்டிலும் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டேன். வலது பெடல் சாதாரணமாகக் கழன்றது. இடது பெடலுக்குத் தலைகீழ் மரை, வலப்பக்கமாகத் திருகினால்தான் கழலும். இது எனக்குத் தெரியும். செயின் பக்கத்துக் கிராங்க் கப்புக்கும் (பெடல் தண்டுகளின் அச்சு சுழலும் கிண்ணம்) அதே தலைகீழ் மரை என்பது தெரியாது. அரை மணி நேரம் அதை இறுக்கிக்கொண்டிருந்தேன். கழலவில்லை என்று சுத்தியலும் உளியும் எடுத்து ஓரத்தில் ஒரு சில்லு பெயர்த்த பிறகுதான் கையை எடுத்தேன். உண்மையில் அந்தக் கப்பைக் கழற்றவே வேண்டியதில்லை. இடது கப்பைக் கழற்றி அச்சை உருவிவிட்டு, டீசலில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டால் அதுவும் சுத்தமாகிவிடும்.

கிராங்கை, அதாவது பெடல் தண்டை, அச்சோடு பிடிக்கும் காட்டர் பின்னைத் தட்டும்போது கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். வெறுமனே அடித்தால் அடி முழுக்கப் பால்ரஸ் (இரும்புக் குண்டுகள்) உருளும் கப்புக்குப் போகும். நான் ஓர் இரும்புக் குழாயைத் தரையில் நிறுத்தி அதன் வாயில் கிராங்கை உட்காரவைத்தேன். நட்டை முழுதும் கழற்றாமல் மரையின் விளிம்பு வரை விட்டு, அதன்மேல் ஒரே அடி. வலது பக்கம் வந்துவிட்டது. இடது பக்கம் இன்னொரு ராத்திரி டீசல் கேட்டது.

பால்ரஸ் கணக்கு: கிராங்கில் கால் அங்குலம், பக்கத்துக்கு 11. பின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடு உருளையில், அதே கால் அங்குலம், பக்கத்துக்கு 9. முன் ஹப்பில் மூன்றுக்குப் பதினாறு (3/16 அங்குலம்), பக்கத்துக்கு 10. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள், அம்மாவின் ஊறுகாய்க் கிண்ணம் தவிர. பின் ஹப்பின் வலப்பக்கத்தில் எட்டுதான் இருந்தது. ஒன்பதாவது எப்போதோ உடைந்து தூளாகிக் கிரீஸோடு கறுப்பு மையாகக் கலந்திருந்தது. அதோடும் எத்தனை வருஷம் ஓடியதோ.

முன் சக்கரத்து நட்டுக்கு அடியில் ஓர் அலுமினிய வில்லை அகப்பட்டது. பஞ்சாயத்துக்குச் சைக்கிள் வரி கட்டினால் தருவார்களே, அதுதான். 81 என்ற எண் மட்டும் தெரிந்தது. அதைத் தேய்க்காமல் அப்படியே எடுத்துவைத்தேன். அந்தப் புத்தி அன்று மத்தியானம் வரை நிலைக்கவில்லை.

மத்தியானம் சீட்டைக் கழற்றினேன். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் பில்லர் ஃபிரேமுக்குள் துருவோடு ஒட்டிப்போயிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி டீசல் விட்டு, சீட்டை இரண்டு கையாலும் பிடித்து மாட்டுக் கொம்பைத் திருகுவதுபோல் திருகியதில், கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு மேலே வந்தது. ஏறக்குறைய முழுக்கவும் உள்ளே இறங்கியிருந்த பில்லர். வெளியே நின்ற நுனிக்கும் உள்ளே இருந்த உடம்புக்கும் நடுவில் துரு ஒரு வளையமாகக் கோடு போட்டிருந்தது. நான் 120 நம்பர் உப்புத்தாளை எடுத்துப் பத்து நிமிஷத்தில் பில்லரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன். பெருமையாகப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். தேய்ப்பதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டிய போட்டோ.

சீட்டிலேயே இன்னொன்றும் பார்த்தேன். அடியில் இரண்டு ஸ்பிரிங் சுருள்கள். வலது சுருளில் கறுப்புப் பெயிண்டும் துருவும். இடது சுருள் மட்டும், தென்னை விழுந்து ஏழு வருஷம் கொட்டகையில் கிடந்த பிறகும், பித்தளைக் குடத்து வாய்போல வழவழவென்று இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார்போல என்று எழுதிவைத்தேன். இதுவும் தப்பு.

இரண்டாம் வாரம் சக்கரம். நெளிந்த ரிம்மை நானே நிமிர்த்திவிடலாம் என்று ஸ்போக்ஸ் முனையில் இருக்கும் நிப்பிளைத் திருக 80 ரூபாய்க்கு ஒரு நிப்பிள் சாவி வாங்கினேன். ஸ்போக்ஸைத் தளர்த்தி, ரிம்மைக் காலால் மிதித்து, மறுபடி முறுக்கி... மூன்று ஸ்போக்ஸ் படார் படாரென்று தெறித்ததுதான் மிச்சம். சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மன்னார்குடிக்குப் போனேன். மேலராஜவீதிப் பக்கம் ஒரு சந்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற பெரியவர், ரிம்மைப் பார்க்காமல் ஹப்பைத்தான் முதலில் பார்த்தார்.

"ஹப்பு நல்லா இருக்கு தம்பி. ரிம்மைத் தூக்கிப் போட்டுருங்க. நெளிஞ்ச ரிம்மும் கோவிச்ச சம்பந்தியும் நேராவுறதில்ல."

பின் ரிம்மில் 40 ஓட்டை, முன்னால் 32. பின்னால்தான் பாரம் என்பதால் அந்தக் கணக்கு. நாற்பது ஓட்டை ரிம் அவரிடம் ஒன்றே ஒன்று, மேலே கழிக்கம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ரிம் 550, ஸ்போக்ஸும் நிப்பிளும் 200, கோத்துக் கோட்டம் எடுக்கக் கூலி 350. நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஸ்போக்ஸ் கோப்பதற்கு இருபது நிமிஷம்தான். கோட்டம் எடுப்பதுதான் நேரம். சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டிச் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸைக் கட்டைவிரலால் அழுத்தி ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடிக்கிறார். ரிம் எங்கே வெளியே வருகிறதோ அங்கே மட்டும் வெள்ளை விழும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்து நிப்பிள் கால் சுற்று இறுக்கம், இந்தப் பக்கத்து நிப்பிள் கால் சுற்றுத் தளர்ச்சி. துடைத்துவிட்டு மறுபடி சாக்பீஸ். கடைசியில் சக்கரம் சுற்றும்போது வெள்ளை முழு வட்டமாக, மெலிதாக விழுந்தது. ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் கேட்டார். ஒன்று மட்டும் மந்தமாகச் சத்தம் கொடுத்தது. அதற்கு ஒரு அரைக்கால் சுற்று. "இது யார் வண்டி?" என்றார். மில் பெயரைச் சொன்னதும், "டபுள்ஸ்லயே வருவாரே, அவரா?" என்றார்.

முன் ரிம் நேராகத்தான் இருந்தது, துரு மட்டும். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுகிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் குரோமின்மேல் இருக்கும் துரு சேறாகக் கரைந்து வருகிறது. உப்புத்தாளைவிட எவ்வளவோ மேல், கீறல் விழுவதில்லை. மேலே குரோம் உரிந்துபோன இடத்துக்கு வைத்தியம் கிடையாது.

மூன்றாம் வாரம் பெயிண்ட் அடிப்பதா வேண்டாமா என்று குடும்பத்துக்குள் வாக்குவாதம். பவுடர் கோட்டிங் செய்துவிடலாம் என்றாள் அக்கா. ஃபிரேம் பாரில், சீட்டுக்கு ஒரு சாண் முன்னால், பெயிண்ட் இல்லாமல் இரும்பு தெரிகிற இரண்டு பட்டைகள் உண்டு. கூடை சீட்டின் கொக்கிகள் மாட்டிய இடம். அப்பா கொக்கிக்கு அடியில் துணி சுற்றித்தான் மாட்டுவார். அப்படியும் மூன்று குழந்தைகளின் ஆட்டத்தில் தேய்ந்துவிட்டது. இதை மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. "பெயிண்ட் அடிக்காதீங்கப்பா. பள்ளிக்கூடம் எத்தனை மிதின்னு ஞாபகம் இருக்கா? முந்நூத்தி எழுபது. தாத்தா எண்ணச் சொல்வாரு. நான் நூறுக்கு மேல எண்ணக் கத்துக்கிட்டதே அந்தக் கூடையிலதான்."

அதைச் சரிபார்க்காமல் என்னால் தூங்க முடியவில்லை. பெரிய பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. ஒரு மிதிக்குச் சக்கரம் 2.44 சுற்று. டயரில் சாக்பீஸ் கோடு போட்டுத் திண்ணையோரம் உருட்டி அளந்ததில் ஒரு சுற்று 2.21 மீட்டர். ஆக, ஒரு மிதிக்கு 5.40 மீட்டர். பள்ளிக்கூடம் சரியாக இரண்டு கிலோமீட்டர். 370. மில்லுக்கு ஒரு நடை 1,111 மிதி. ஃபிரேமைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துருவுக்கு டீசல், அதன்மேல் தேங்காய் எண்ணெய்த் துணி என்று நிறுத்திக்கொண்டேன். தோல் சீட்டைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து ரிவிட் மாற்றி, மூன்று நாள் விளக்கெண்ணெய் தடவினேன். 250 ரூபாய். மட்கார்டைத் தட்டி நிமிர்த்தினேன். மடிப்புக் கோடு தெரியத்தான் செய்கிறது.

நான்காம் வாரம் பூட்டுவது. கப்பில் கிரீஸ் தாராளமாக அப்பினால் பால்ரஸ் விழாமல் ஒட்டிக்கொள்ளும். கோனை (பால்ரஸை உள்ளே பிடிக்கும் கூம்பு) முழுக்க இறுக்கிவிட்டு அதிலிருந்து கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். சக்கரத்தை ஓரமாகப் பிடித்து ஆட்டினால் லொடலொடப்பு இருக்கக்கூடாது, விட்டால் வால்வு இருக்கும் பக்கம் தானாகக் கீழே வந்து நிற்க வேண்டும். செயினை 12 அங்குலத்துக்கு அளந்தேன். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வரவேண்டும், இது ஒன்றரை நூல் கூடுதல் (எட்டு நூல் ஓர் அங்குலம்). ஒரு நூல் வரைக்கும்தான் பொறுக்கலாம் என்றார் பெரியவர். புதுச் செயின் 180. டயர் இரண்டு 760, டியூப் 260.

காட்டரில் மறுபடி தப்பு செய்தேன். புது ஜோடியை இரண்டு கிராங்கிலும் ஒரே பக்கமாக நுழைத்து அடித்து இறுக்கிவிட்டேன். ஏறி மிதித்தால் நொண்டுகிறது. இறங்கிப் பார்த்தால் ஒரு பெடல் ஆறு மணிக்கு நின்றால் இன்னொன்று பதினொன்றரையில் நிற்கிறது. இரண்டு காட்டரும் எதிரெதிர்த் திசையிலிருந்து நுழைய வேண்டும். அடித்து எடுத்ததில் மரை நசுங்கி, இன்னொரு ஜோடி 30 ரூபாய். நிப்பிள் சாவியையும் சேர்த்து, மேலே சொன்ன தண்டம் இதுதான்.

கடைசியாகச் சீட். யூடியூபில் எல்லோரும் ஒரே முறையைத்தான் சொல்கிறார்கள்: சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கிற பெடலில் குதிகாலை வைத்தால் முட்டி நேராக நீள வேண்டும். இல்லாவிட்டால் முட்டி தேயும். அப்பாவும் நானும் ஒரே உயரம், ஐந்தடி பத்து. செருப்பு நம்பரும் ஒன்றுதான். குதிகால் கணக்குப்படி பில்லர் இரண்டு அங்குலம், அதாவது பதினாறு நூல், வெளியே நிற்க வேண்டும். அப்பாவின் சீட் அதைவிட ஓர் அங்குலத்துக்கும் மேல் தாழ்வாக இருந்தது. கடைசிப் பத்து வருஷம் அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தபடி பதினாறு நூலுக்கு ஏற்றி இறுக்கினேன். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரை போய்வந்தேன். காற்று மாதிரி போயிற்று.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏண்டா, சீட்டு ஏன் இவ்ளோ ஒசரத்துல நிக்குது?"

"இதாம்மா சரி. அப்பா வச்சிருந்தது தப்பு. முட்டி வலி வந்ததே அதனாலதான்."

அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. வண்டிக்குப் பின்னால் வந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். பார்க்காமலேதான் விட்டாள். இடது சுருளைத் தொட்டு, சுற்றிப் பிடிக்கப் பார்த்து, விட்டுவிட்டாள்.

"ஒசரம். கை நிக்கல."

பிறகு சொன்னாள். ஒரே மூச்சில், ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று சொல்வதுபோல. நான் வயிற்றில் ஐந்து மாதம். மன்னார்குடியில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பாமணியாற்றுப் பாலத்துச் சரிவில் எதிரே வைக்கோல் வண்டி. அப்பா பிரேக் பிடித்தார். சீட் உயரம், கால் தரைக்கு எட்டவில்லை. சீட்டிலிருந்து குதித்து இறங்கினார். அவர் குதித்த குதியில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அம்மா விழுந்ததில் வயிற்றுக்கு ஒன்றுமில்லை, இடது முழங்கை முறிந்தது. "மறுநாளே மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி சீட்டை எறக்கிட்டாரு. அப்புறம் ஏத்தவே இல்ல. நான் இல்லாம தனியா போறப்பவாச்சும் ஏத்திக்கலாம்ல. தெனம் யாரு ஏத்தி எறக்குறதும்பாரு."

உள்ளே போய் நோட்டைப் பிரித்தேன். மாவுக்கட்டு 7.00. பக்கம் மாறவில்லை. வண்டி செய்த தப்புக்கு வண்டியின் கணக்கிலேயே பற்று எழுதியிருக்கிறார். சீட்டை இறக்கியதற்கு ஒரு வரியும் இல்லை. காசு செலவாகாத எதையும் அப்பா எழுதுவதில்லை.

இனிமேல் அந்த அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். துருக்கோடு இருந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அதை நானே தேய்த்து அழித்துவிட்டேன். பழைய போட்டோக்களைத் தேடினேன். வண்டியோடு அப்பா நிற்கிற படம் ஒன்றுதான் இருக்கிறது, அதில் சீட்டை என் மகளின் தலை மறைக்கிறது. என் ஞாபகத்தில் நாலு நூலா ஆறு நூலா என்று நிச்சயமில்லை. இப்படியே ஒரு வாரம் போயிற்று.

ஐந்தாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை, அம்மாவே சொன்னாள், "வண்டியை ஸ்டாண்டு போடு." வாசலில் சமதரையாகப் பார்த்து நிறுத்தி, ஒரு முக்காலியைப் போட்டேன். 73 வயதில் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கேரியரில் பக்கவாட்டாக ஏறி உட்கார்ந்தாள். வலது கையைச் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய்ச் சுருளில் நாலு விரலையும் போட்டாள். நான் போல்ட்டைத் தளர்த்தி, சீட்டை ஒரு நெல் அளவு அழுத்தினேன்.

"இன்னும்."

இன்னொரு நெல்.

"இன்னும். உங்கப்பா என்னை விட ஒசரம், சீட்டு இல்ல."

மூன்றாவது தடவை, நான்காவது தடவை. ஏழாவதோ எட்டாவதோ, ஏற்கெனவே தேய்ந்திருந்த அந்த வழவழப்புக்குள் அவள் கட்டைவிரல் தானாக மடங்கி உட்கார்ந்தது. முழங்கை விலாவோடு சேர்ந்தது. "ம்" என்றாள். இறுக்கினேன். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். வெளியே ஐந்து நூல். பதினொரு நூல் இறக்கியிருக்கிறேன். பில்லரில் அந்த இடத்தில் ஆக்ஸா பிளேடால் மெலிதாக ஒரு கீறல் போட்டேன்.

பிறகு ஸ்டாண்டை எடுத்து, நான் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வண்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தால் இடது காலின் முன்பாதம் தரையில் நன்றாக ஊன்றுகிறது. சீட்டை விட்டு இறங்கவேண்டியதில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவசரமில்லாமல் இறங்கலாம். மிதிக்கும்போது முட்டி முழுக்க நீளவில்லை. பிள்ளையார் கோயிலுக்கு வருவதற்குள் தொடையில் தெரிந்துவிட்டது, இருபத்தைந்து மிதிக்குள். அம்மாவை வைத்துத்தான் மிதித்தேன். தெருவில் இரண்டு பேர் கும்பிட்டார்கள், ஒரு பையன் வீடியோ எடுத்தான். முன் பிரேக் கீச்சென்றது. "அது அப்பவே கத்தும்" என்றாள்.

அடுத்த முறை செய்வதானால் (தாய்மாமாவின் அட்லஸ் ஒன்று நீடாமங்கலத்தில் கிடக்கிறது) உப்புத்தாளைக் கடைசி வாரம்தான் வாங்குவேன். எந்தப் பாகமும் எங்கே நின்றது என்று சாக்பீஸால் கோடு போட்டு, ஸ்கேல் வைத்துப் படம் எடுத்த பிறகுதான் ஸ்பேனர். வலது கிராங்க் கப்பைத் தொடமாட்டேன். ரிம்மை நேராகப் பெரியவரிடமே கொடுத்துவிடுவேன். காட்டர் எந்தப் பக்கம் நுழைகிறது என்று கிராங்கிலேயே அம்புக்குறி போட்டுவைப்பேன். பிரேக் கட்டையும் 15 ரூபாய்க்கு வாங்கியது சரியில்லை, சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும். நோட்டில் 2017-க்குக் கீழே ரிம்மிலிருந்து காட்டர் வரை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் போட்டேன். தண்டத்தையும் சேர்த்துத்தான்.

பாக்கி இருப்பது டைனமோ. முனை டயரில் நன்றாகப் படிகிறது, சுற்றுகிறது, பல்பும் புதுசு, ஆனால் எரியவில்லை. வயர் எங்கோ அறுந்திருக்கிறதா, உள்ளே காயில் போய்விட்டதா என்று தெரியவில்லை. மீட்டரை வைத்துக்கொண்டு நான் மல்லாடுவதை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அது எந்தக் காலத்துலடா எரிஞ்சுது? ரெண்டாவது ஆட்டம் பார்த்துட்டு வர்றப்ப நான்தான் அவரு கைக்கு அடியில நீட்டி டார்ச் அடிச்சுக்கிட்டே வருவேன். போலீஸ்காரன் தெரிஞ்சா டார்ச்சையும் அணைச்சு நானும் எறங்கிடணும்."

பரணில் அந்த மூணு கட்டை டார்ச் இருக்கிறதாம். நாளைக்கு மன்னார்குடி போகும்போது பேட்டரி மூன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள்.